இரண்டாவது கதவு

1938 மே மாதம். வியன்னாவின் ஒன்பதாவது மாவட்டத்தில் பெர்க்காஸ என்று ஒரு சரிவான தெரு. அதில் 19ஆம் எண் கட்டடத்தின் வாசலுக்கு மேலே ஸ்வஸ்திகா தொங்குகிறது. ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கெஸ்டபோ ஆட்கள் அந்த வீட்டையே கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். முப்பதைத் தொட்ட ஒரு யூத இளைஞர் கையில் பெட்டியோடு உள்ளே நுழைந்து மாடியேறுகிறார். எட்மண்ட் எங்கெல்மன். பெட்டிக்குள் ஒரு லைகா, ஒரு ரோலைஃப்ளெக்ஸ். ஃப்ளாஷ் கிடையாது. வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனால் ஆள் காலி.

அவர் படமெடுக்கப் போவது ஒரு மனிதரை அல்ல, ஒரு அறையை. சிக்மண்ட் ஃப்ராய்ட் 1891லிருந்து அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிறார். இன்னும் சில நாட்களில் நாட்டைவிட்டுக் கிளம்பப் போகிறார். கிளம்பிவிட்டால் அந்த அறை கலைந்துவிடும். என்றைக்காவது இந்தப் புயல் ஓய்ந்து இங்கே ஒரு மியூசியம் வைப்பதாக இருந்தால் எது எங்கே இருந்தது என்று தெரிய வேண்டாமா? எங்கெல்மனின் நண்பரும் ஃப்ராய்டின் சீடருமான ஆகஸ்ட் ஐக்ஹார்ன்தான் இதைச் சொல்லி அவரை அனுப்பினார். உயிருக்கே உத்தரவாதமில்லாத நேரத்தில் நாற்காலி எங்கே கிடந்தது, கம்பளம் எப்படி மடிந்திருந்தது என்பதைப் பதிவுசெய்ய இரண்டு பேர் மெனக்கெட்டிருக்கிறார்கள். எனக்கு இது முதலில் கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபிறகு அப்படித் தோன்றவில்லை.

இன்றைக்குக் கவுன்சலிங் அறை என்றால் நம் மனசில் ஒரு படம் வருகிறது. வெளிர் நிறச் சுவர், மெத்தென்ற சோபா, மூலையில் ஒரு செடி, மஞ்சள் வெளிச்சம் தரும் விளக்கு, மேசைமேல் டிஷ்யூ பெட்டி. இன்ஸ்டாகிராமில் இதற்கென்றே ஆயிரம் படங்கள் இருக்கின்றன. பேச வருகிறவரை அறையே வரவேற்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது நமக்குச் சாதாரணம். அந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் நடு அறை பெர்க்காஸ 19தான்.

அதற்கு முன்னால் யார்க் நகரத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். 1790ல் அங்கிருந்த மனநலக் காப்பகத்தில் ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் பெண் இறந்துபோனார். பார்க்க வந்த குவேக்கர்களை உள்ளேயே விடவில்லை. அந்தக் கோபத்தில் வில்லியம் ட்யூக் என்ற தேயிலை வியாபாரி 1796ல் ‘ரிட்ரீட்’ என்ற இல்லத்தைத் திறந்தார். சங்கிலி, அடி உதை இல்லாத இடம் என்று வரலாற்றுப் புத்தகங்கள் அதைப் பாராட்டும். எனக்குப் பிடித்தவை அங்கிருந்த சின்னச் சின்ன வேலைகள். ஜன்னல் சட்டங்கள் இரும்பு, ஆனால் பார்த்தால் மரச்சட்டம் மாதிரி இருக்கும். கதவுத் தாழ்ப்பாளுக்குத் தோல் உறை போட்டிருந்தார்கள், பூட்டும்போது ‘டக்’ என்று சத்தம் வரக்கூடாது என்பதற்காக. தோட்டத்தில் முயல்கள், கோழிகள். சிறைதான், ஆனால் சிறை மாதிரித் தெரியாத சிறை. இதை ஏமாற்று வேலை என்று திட்டியவர்களும் உண்டு. மிஷேல் ஃபூக்கோ அதில் முக்கியமானவர். சங்கிலியைக் கழற்றி மனசுக்குள்ளே மாட்டிவிட்டார்கள் என்பது அவர் வாதம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ராத்திரி படுத்திருக்கும்போது அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்தத் தோல் உறை என்னவாக இருந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

(நம் ஊரும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. ரிட்ரீட் திறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1794ல், வாலண்டைன் கொனோலி என்ற கம்பெனி சர்ஜன் மெட்ராஸ் புரசைவாக்கத்தில் மனநோயாளிகளுக்கு ஒரு வீடு நடத்தத் தொடங்கிவிட்டார். இன்றைய கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் வேர் அது. அந்த வீட்டில் தாழ்ப்பாளுக்குத் தோல் உறை போட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.)

ஃப்ராய்டின் காலத்து வியன்னாவில் மனம் சரியில்லாதவர்களுக்கான நாகரிகமான இடம் வேறு மாதிரி இருந்தது. நகரத்துக்கு வெளியே புர்க்கர்ஸ்டார்ஃப் என்ற ஊரில் யோசெஃப் ஹோஃப்மன் 1904லும் 1905லுமாக ஒரு சானடோரியம் கட்டினார். பணக்கார வீட்டு ‘நரம்புத் தளர்ச்சி’க்காரர்கள் தண்ணீர் சிகிச்சைக்கு வருகிற இடம். வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, சுவரோரங்களில் நீலமும் வெள்ளையுமாகச் சின்ன ஓடுகள். உள்ளே கொலோமன் மோசர் வடிவமைத்த சதுரமான நாற்காலிகள், கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம். நேர்கோடும் வெளிச்சமும் சுத்தமும் நரம்பை அமைதிப்படுத்தும் என்பது அன்றைய நம்பிக்கை. நகரின் மேற்கு ஓரத்தில் 1907ல் ஷ்டைன்ஹோஃப் மனநல மருத்துவமனை திறந்தது. அதன் தேவாலயத்தை ஓட்டோ வாக்னர் கட்டினார். தங்கக் குவிமாடம், உள்ளே பளிச்சென்ற வெள்ளை. நோயாளிகள் இடித்துக்கொண்டு காயப்படக் கூடாது என்று பெஞ்சுகளின் ஓரங்களை மழுக்கினார்கள். நோய் பரவக்கூடாது என்று புனித நீரைத் தொட்டியில் தேக்காமல் சொட்டுச் சொட்டாக விழும்படி வைத்தார்கள். இன்றைக்கும் கட்டடக்கலை மாணவர்கள் போய் வாயைப் பிளந்து பார்க்கிற இடம். நாஜிக் காலத்தில் அதே வளாகத்தில், ‘அம் ஷ்பீகல்கிரண்ட்’ என்ற பிரிவில், ஊனமுற்ற குழந்தைகளையும் ‘திருத்த முடியாதவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளையும் கொன்றார்கள். இறந்தவர்கள் 789 பேர். மழுக்கப்பட்ட பெஞ்சு ஓரங்கள் அப்போதும் அங்கேதான் இருந்தன.

இப்போது ஃப்ராய்டின் அறைக்கு வருவோம். ஹோஃப்மன் பார்த்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். புது வியன்னாவின் வெள்ளைச் சுவர், நேர்கோடு எதுவும் அந்த அறையை எட்டவில்லை. தரையில் கம்பளம், சுவரில் கம்பளம், கவுச்சின் மேலே கம்பளம். கண்ணாடி அலமாரிகளில் எகிப்து, கிரேக்கம், ரோம், சீனா என்று எங்கெங்கிருந்தோ வந்த சிலைகள். இடம் போதாமல் மேசைமேலும் வரிசை கட்டி நிற்கின்றன. 1896ல் அப்பா இறந்தபிறகு தொற்றிய பழக்கம். சாகும்போது 2000க்கும் மேல் சேர்த்திருந்தார். இதோடு சுருட்டுப் புகை. ஒரு நாளைக்கு இருபது சுருட்டு ஊதுகிறவர். ஜன்னல் திரை, கம்பளம், மெத்தை எல்லாவற்றிலும் அந்த வாசனை ஊறியிருக்கும். இன்றைக்கு ஒரு கவுன்சலர் இப்படி அறை வைத்தால் முதல் நாளே விமர்சனத்தில் ஒற்றை நட்சத்திரம்தான்.

ஆனால் வந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ‘ஓநாய் மனிதன்’ என்ற பட்டப்பெயரில் ஃப்ராய்டின் நூல்களில் வரும் ரஷ்யர் செர்கேய் பான்கெயெஃப் 1910ல் சிகிச்சைக்கு வந்தார். அதற்குள் எத்தனையோ பெரிய டாக்டர்களின் அறைகளைப் பார்த்துச் சலித்தவர். இது டாக்டர் அறை மாதிரியே இல்லை, ஒரு தொல்லியல் அறிஞர் படிக்கிற அறை மாதிரி இருந்தது, வெளியுலக அவசரம் எட்டாத ஒரு அமைதி அங்கே இருந்தது என்று வயதான காலத்தில் நினைவுகூர்ந்தார். சிகிச்சை முடிந்து போகும்போது ஃப்ராய்டுக்கு ஒரு எகிப்திய உருவத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

1933ல் வந்த அமெரிக்கக் கவிஞர் எச்.டி. (ஹில்டா டூலிட்டில்) உள்ளே நுழைந்ததும் ஃப்ராய்டைப் பார்க்கவில்லை, சுற்றியிருந்த பொருட்களைத்தான் பார்த்தார். இந்த அறைக்குள் வந்து என்னைப் பார்ப்பதற்கு முன்னால் இவற்றைப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான் என்ற அர்த்தத்தில் ஃப்ராய்ட் சொன்னாராம். கொஞ்சம் வருத்தமாகச் சொன்ன மாதிரி எச்.டி.க்குத் தோன்றியிருக்கிறது. தரையில் யோஃபி என்ற சௌ இன நாய் படுத்திருக்கும். நேரம் முடிந்தால் அது எழுந்துவிடும், ஃப்ராய்டுக்குக் கடிகாரமே தேவையில்லை என்று அவர்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. மேசைமேல் நின்ற சிலைகளில் ஒன்று தந்தத்தில் செய்த விஷ்ணு. 1931ல் ஃப்ராய்டின் 75வது பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் அனுப்பியது. கிரீந்திரசேகர் போஸ் 1922ல் தொடங்கிய சங்கம். வியன்னாக் குளிரில் அந்தச் சிலையில் விரிசல் விழத் தொடங்கியது. கல்கத்தா சாமிக்கு இந்த ஊர் சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஃப்ராய்ட் கிண்டலாகக் குறித்து வைத்திருக்கிறார்.

அறையின் ராஜா கவுச்தான். 1890 வாக்கில் ஒரு நோயாளி நன்றியாகக் கொடுத்தது என்று சொல்வார்கள். மேலே போர்த்திய கம்பளம் இரானின் கஷ்காய் நாடோடி மக்கள் நெய்தது. அது மோரிட்ஸ் ஃப்ராய்ட் வழியாக வந்தது என்பது குடும்ப வழக்கு. தூரத்து உறவினர், கம்பளமும் பழம்பொருளும் விற்கிறவர், ஃப்ராய்டின் தங்கை மரியைக் கட்டியவர். இந்தப் பெயர்களை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

ஏன் படுக்க வைக்க வேண்டும்? தொடக்கத்தில் ஃப்ராய்ட் ஹிப்னாடிசம் செய்துகொண்டிருந்தார். அதற்கு ஆளைப் படுக்க வைப்பது வழக்கம். ஹிப்னாடிசத்தை விட்டுவிட்டார், கவுச்சை விடவில்லை. 1913ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒளிவுமறைவில்லாமல் இன்னொரு காரணமும் சொல்கிறார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ யாராவது தன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதை அவரால் தாங்க முடியாதாம். அதனால் அவர் தலைமாட்டுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், பச்சை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். 1923ல் வாய்ப் புற்றுநோய்க்கான அறுவைக்குப் பிறகு வலது காது கேட்காமல் போனது. இடது காது நோயாளியின் பக்கம் வரும்படி கவுச்சையும் நாற்காலியையும் மாற்றிப் போட வேண்டியிருந்தது. உலகமெங்கும் காப்பியடிக்கப்பட்ட ஒரு அமைப்பு, ஒரு மனிதரின் கூச்சத்திலிருந்தும் கேட்காத காதிலிருந்தும் பிறந்திருக்கிறது.

இதனால்தான் சிலர் கேட்கிறார்கள்: அந்த அறை நோயாளிக்காகவா, அவருக்காகவா? நேர்மையாகச் சொன்னால் பெரும்பாலும் அவருக்காகத்தான். சிலைகள் அவருடைய ஆசை, சுருட்டு அவருடைய அடிமைத்தனம், நாய் அவருடைய செல்லம். வந்தவர்களின் வசதியைக் கேட்டு எதையும் வாங்கியதாகத் தெரியவில்லை. ஆனாலும் இப்போதைய ஆய்வுகள் அவர் பக்கம்தான் சாய்கின்றன. 2011ல் ஆன் டெவ்லின், ஜாக் நாசர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் உளவியல் சிகிச்சையாளர்களின் 30 அறைகளைப் படமாகக் காட்டி, இங்கே உங்களுக்கு எப்படிப்பட்ட கவனிப்பு கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று ஆட்களிடம் கேட்டார்கள். மென்மையான பொருட்கள் இருக்கிற, அங்கே இருப்பவருடைய சாயல் தெரிகிற, ஒழுங்காக வைத்திருக்கிற அறைகளுக்கே நல்ல பெயர் கிடைத்தது. மென்மையிலும் சொந்தச் சாயலிலும் ஃப்ராய்ட் நூற்றுக்கு நூறு. ஒழுங்கில் மட்டும் மார்க் கொஞ்சம் குறையும்.

அவர் அறையில் ஒரு படம் தொங்கியது. ஆந்த்ரே ப்ரூயே 1887ல் வரைந்த ஓவியத்தின் அச்சுப் பிரதி. பாரிஸின் சல்பெத்ரியே மருத்துவமனையில் ஷார்க்கோ பாடம் நடத்துகிறார். ஃப்ராய்ட் 1885லும் 86லும் அவரிடம் படித்தவர். ஓவியத்தில் மயங்கிச் சாயும் ஒரு பெண், அவளைத் தாங்கிப் பிடித்திருக்கும் ஒருவர், சுற்றிலும் கோட்டு போட்ட ஆண்கள் கூட்டம். எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள். மனநோய்க்கு வைத்தியம் என்பது அன்று ஒரு காட்சி. இன்று லண்டன் வீட்டில் அந்தப் படம் கவுச்சுக்கு நேர் மேலே தொங்குகிறது. கீழே படுத்திருக்கிறவரை யாரும் பார்க்க முடியாது. பேச்சைக் கேட்கிறவர்கூட. ஃப்ராய்ட் தன் கூச்சத்துக்காகச் செய்த காரியம், படுத்திருந்தவருக்கும் பார்வையிலிருந்து விடுதலை கொடுத்துவிட்டது. அழுதால் முகத்தை மறைக்க வேண்டியதில்லை.

இங்கேதான் நான் கதவுகளுக்கு வருகிறேன். கவுச்சைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கதவுகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

காத்திருப்பு அறைக்கும் சிகிச்சை அறைக்கும் நடுவே இரட்டைக் கதவு போட்டு, அதற்குக் கம்பளித் துணியில் உறையும் தைத்து வைத்திருந்தார் ஃப்ராய்ட். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. முதல் உலகப் போர்க் காலத்தில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இந்தக் கதவை வைத்தே ஒரு பாடம் நடத்தியிருக்கிறார். காத்திருப்பு அறை காலியாக இருக்கும்போது வருகிறவர்கள் பலர் உள்ளே நுழையும்போது கதவைச் சாத்தாமல் விட்டுவிடுவார்களாம். வெளியே வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் மறக்கவே மாட்டார்கள். தன் பேச்சு அடுத்தவர் காதில் விழக்கூடாது என்ற அக்கறை அப்போது தானாக வந்துவிடும். அப்படியானால் சாத்தாதது மறதி இல்லை. பெரிய டாக்டர் என்று கூட்டத்தை எதிர்பார்த்து வந்தவர் காலி நாற்காலிகளைப் பார்த்ததும், இவ்வளவுதானா இந்த ஆள் என்று நினைத்துவிட்டார். உடனே அவரைத் திருப்பி அனுப்பிக் கதவைச் சாத்தச் சொல்வேன் என்கிறார் ஃப்ராய்ட். கறாரான ஆள்தான்.

இன்னொரு கதவும் உண்டு. சுவர்க் காகிதம் ஒட்டி, சுவரோடு சுவராகத் தெரிகிற மறைவுக் கதவு. பேசி முடித்தவர்கள் வந்த வழியே திரும்பிப் போக வேண்டாம். அந்தக் கதவு வழியாக நடைக்கு வந்து அப்படியே மாடிப்படி இறங்கிவிடலாம். காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும் அடுத்த ஆளுக்கு உங்கள் சிவந்த கண்கள் தெரியாது. அப்படியும் எச்.டி. மாடிப்படியில் ஒருவரை அடிக்கடி எதிர்கொண்டார். வான் டெர் லியூ என்ற டச்சுக்காரர். நம் அடையாறைத் தலைமையகமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் முக்கியமான ஆள். இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. 1934ல் அவர் தானே ஓட்டிய விமானம் தாங்கனீக்காவில் விழுந்து இறந்துபோனார். செய்தி தெரிந்தபிறகு எச்.டி. மறுபடியும் வியன்னாவுக்கு வந்தார்.

இந்த மறைவுக் கதவின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்று சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், தூக்கம் சுத்தமாகப் போய்விட்ட ஒரு காலத்தில், எங்கள் ஊர்ப் பக்கத்து நகரத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கப் போனேன். நல்ல டாக்டர். அறையும் அழகாகத்தான் இருந்தது. ஜன்னலோரம் மணிபிளான்ட், சுவரில் அருவி போஸ்டர், மெத்தை வைத்த நாற்காலி. ஆனால் அந்த அறைக்கு ஒரே கதவு. அது திறந்தால் ஹால். ஹாலில் இருபது பேர். ரிசப்ஷனில் இருந்த அக்கா அப்பா பெயரையும் சேர்த்து என் பெயரை உரக்கக் கூப்பிட்டார். உள்ளே போய் அழுதேன். வெளியே வந்தபோது எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருமே தலையைக் குனிந்துகொண்டோம். அதற்கப்புறம் ரெண்டு மாசம் அவர் கடைக்குப் போகவில்லை. டாக்டரிடமும்தான்.

மணிபிளான்டுக்குப் பதில் ஒரு பின்வாசல் இருந்திருந்தால் போயிருப்பேன்.

ஃப்ராய்டின் கடைசி மகன் எர்ன்ஸ்ட் கட்டடக்கலைஞர். 1920 பிப்ரவரியில் பெர்லினில் உளப்பகுப்பாய்வாளர்கள் ஒரு இலவச கிளினிக் தொடங்கியபோது அதன் உள் அமைப்பை அவர்தான் செய்தார். மாக்ஸ் ஐட்டிங்கோன் பணம் போட்டார். காசில்லாதவர்களும் வரலாம். அப்பாவின் அறையில் இருந்ததில் எதைக் கொண்டுபோனார், எதை விட்டார் என்பது சுவாரசியம். சிலை இல்லை, பாரசீகக் கம்பளம் இல்லை. எளிய பிரம்புக் கவுச், ஒரு நாற்காலி, ஒரு மேசை. ஆனால் சத்தம் வெளியே போகாத இரட்டைக் கதவு இருந்தது. அறையை அந்த அறையாக ஆக்குவது எது என்று மகனுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

எல்லா ஊருக்கும் இதுவே சரி என்று சொல்ல வரவில்லை. நம்மிடம் வேறொரு வழியும் வேலை செய்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957ல் பாகாயத்தில் தொடங்கியது. டாக்டர் ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிவைத்த அந்த இடத்தில், சேர்க்கப்படும் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவராவது கூடவே தங்க வேண்டும் என்பது வழக்கம். ஃப்ராய்டின் அறையில் மூன்றாவது மனிதருக்கு இடமே கிடையாது. இங்கே மூன்றாவது மனிதர் இல்லாமல் சேர்க்கையே இல்லை. அம்மாவோ, புருஷனோ, அண்ணனோ பக்கத்துக் கட்டிலில். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த எனக்கு மனமில்லை. தனியாகப் பேச வேண்டியவர்களும் உண்டு, தனியாக விட்டால் உடைந்துபோகிறவர்களும் உண்டு. ஆனால் இருபது பேர் இருக்கும் ஹாலில் கூப்பிடப்படுகிறவருக்கு இந்த இரண்டுமே கிடைப்பதில்லை. தனிமையும் இல்லை, துணையும் இல்லை.

சரி, 1938க்குத் திரும்புவோம். எங்கெல்மன் சில நாட்கள் தொடர்ந்து போய் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். முதலில் ஃப்ராய்டின் கண்ணில் படக்கூடாது என்றுதான் திட்டம். கிழவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று. ஒருநாள் ஃப்ராய்டே எதிரில் வந்துவிட்டார். அதன்பின் பாஸ்போர்ட்டுக்கான படங்களையும் எங்கெல்மன்தான் எடுத்துக்கொடுத்தார். அறையின் படங்களில் யாரும் இல்லை. கவுச்சின்மேல் தலையணைகள், கால்மாட்டில் மடித்த போர்வை, தலைமாட்டுக்குப் பின்னால் காலி நாற்காலி. இப்போதுதான் யாரோ எழுந்து அந்தச் சுவர்க் கதவு வழியாகப் போன மாதிரி இருக்கிறது.

ஜூன் 4ஆம் தேதி ஃப்ராய்ட் குடும்பம் கிளம்பியது. சில நாட்களில் லண்டன். சாமான்கள் ஆகஸ்டில் வந்தன. செப்டம்பர் கடைசியில் 20, மேரஸ்ஃபீல்ட் கார்டன்ஸ் என்ற வீட்டுக்குக் குடிபோனார்கள். எர்ன்ஸ்ட் சுவரை இடித்துத் தரைத்தளத்தில் பெரிய அறை ஒன்றை உண்டாக்கினார். வீட்டு வேலைகளைப் பார்த்துவந்த பவுலா ஃபிஷ்ட்ல், வியன்னாவில் எந்தச் சிலை எந்த இடத்தில் நின்றதோ அதே இடத்தில், வெறும் ஞாபகத்திலிருந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எங்கெல்மனின் நெகட்டிவ்கள் அப்போது வியன்னாவில் ஐக்ஹார்னிடம் இருந்தன. தினமும் தூசி தட்டியவருடைய கைக்குப் படம் தேவைப்படவில்லை. இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் எங்கெல்மனுக்கு ஒரு அத்தியாயம் கொடுப்பார்கள், பவுலாவுக்கு ஒரு வரி. என்னுடைய இந்தக் கட்டுரையும் அதே தப்பைத்தான் செய்கிறது.

லண்டனிலும் ஃப்ராய்ட் சில நோயாளிகளைப் பார்த்தார். 1939 ஆகஸ்டில் நிறுத்திக்கொண்டார். தோட்டம் தெரியும்படி அதே அறையில் அவருக்குக் கட்டில் போட்டார்கள். செப்டம்பர் 23ஆம் தேதி அங்கேயே இறந்தார்.

பெர்க்காஸ 19 சும்மா இருக்கவில்லை. வியன்னாவின் யூதக் குடும்பங்களை அவரவர் வீட்டைவிட்டு விரட்டி, சில குறிப்பிட்ட வீடுகளில் நெருக்கியடித்துக் குடியேற்றினார்கள் நாஜிகள். முகாம்களுக்கு ரயிலேற்றும்வரை. ஃப்ராய்டின் வீடும் அப்படி ஒரு வீடானது. யாரும் கேட்டுவிடக் கூடாது என்று இரட்டைக் கதவு போட்ட இடத்தில், ஒரு அறைக்கு ஒரு குடும்பம், ஒருவர் அழுவது எல்லோருக்கும் கேட்கும் நெருக்கத்தில். ஃப்ராய்டின் நான்கு தங்கைகள் வியன்னாவிலேயே தங்கிவிட்டார்கள். நால்வருமே முகாம்களில் இறந்தார்கள். கம்பள வியாபாரி மோரிட்ஸின் மனைவி மரி அவர்களில் ஒருவர். அந்தக் கம்பளம் லண்டனில் பத்திரமாக இருந்தது.

எங்கெல்மன் அமெரிக்காவுக்குத் தப்பினார். ஐக்ஹார்ன் 1949ல் இறந்தார். நெகட்டிவ்கள் லண்டனுக்கு, ஃப்ராய்டின் மகள் அன்னாவிடம் போய்ச் சேர்ந்திருந்தன. எங்கெல்மன் அங்கே தேடிப்போய் அவற்றை வாங்கினார். 1976ல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. அன்னா இறந்தபிறகு, 1986ல், லண்டன் வீடு மியூசியமானது. கவுச், சிலைகள், பச்சை நாற்காலி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

வியன்னாவில் ஐக்ஹார்ன் நினைத்த மியூசியம் 1971ல் திறந்தது. அன்னா லண்டனிலிருந்து காத்திருப்பு அறையின் சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார். கவுச்சைக் கொடுக்கவில்லை. ஏன் வியன்னா இன்னொரு கவுச்சைச் செய்து போடவில்லை என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்கெல்மனின் படங்கள் இருக்கின்றன, அங்குலம் தவறாமல் எல்லாவற்றையும் திரும்பச் செய்துவிடலாம். செய்யவில்லை. 2020ல் புதுப்பித்துத் திறந்தபோதும் சிகிச்சை அறையை அப்படியே விட்டார்கள். வருகிறவர்கள் காத்திருப்பு அறையில் சிவப்புச் சோபாவைப் பார்க்கலாம். பக்கத்துக் கதவைத் தாண்டினால் ஜன்னல், தரை, சுவர். அறை காலி.